ஒலாதுஞ்சியும் ஆப்பிரிக்க மேளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிக் கூடத்தில் கைமேள வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளும் வருவார்கள், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் சிலரும் உட்கார்ந்துகொள்வார்கள். நான் மிருதங்கம் படித்தவன். நைஜீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்நாளெல்லாம் ஆப்பிரிக்க இசையைச் சொல்லிக்கொடுத்த பாபாதுண்டே ஒலாதுஞ்சியின் முறையில்தான் முதல் பாடத்தைத் தொடங்குவேன். ஒவ்வொரு புதுக் குழு சேரும்போதும் அதே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒலாதுஞ்சி யாருங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1927 ஏப்ரல் 7 அன்று, இன்றைய நைஜீரியாவின் லாகோஸ் மாநிலத்தில் அஜிதோ என்ற மீனவ ஊரில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். ‘பாபாதுண்டே’ என்றால் யொரூபா மொழியில் ‘அப்பா திரும்பி வந்துவிட்டார்’ என்று பொருள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது எளிதாகப் புரியும்.

1950-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் படிக்கப் போனார். கறுப்பின மாணவர்களுக்கான புகழ்பெற்ற கல்லூரி அது. 1954-இல் பட்டம் வாங்கி, நியூயார்க் போய்ப் பொது நிர்வாகம் படித்தார். அரசுத் தூதராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 2003 ஏப்ரல் 6 அன்று, 76 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, கலிஃபோர்னியாவில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் அவர் வாசித்துக் கற்றுக்கொடுத்ததுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

தூதராகப் போறவர் ஏன் மேளத்தைக் கையில எடுத்தார்?

கல்லூரியில் கூடப் படித்தவர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றி அவரிடம் கேட்ட கேள்விகள்தான் காரணம். டார்சான் படங்களில் பார்த்த ஆப்பிரிக்காதான் அவர்களுக்குத் தெரியும். கேட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றால் அவர் கோபப்பட்டிருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே தங்கள் பூர்விகத்தைப் பற்றி எதுவும் அறியாமல் இருந்ததுதான் அவரை உலுக்கியது. பேசிப் புரியவைப்பதைவிட ஆடியும் பாடியும் கொட்டியும் காட்டினால் புரியும் என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார்.

இதன் கனம் தெரிய இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் படாக்ரி, அடிமைகளைக் கப்பலேற்றிய பழைய துறைமுகம். கடலுக்கு அந்தப் பக்கத்திலோ, 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டே கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் மேளம் வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தத் தென் கரோலினாவின் எல்லையை ஒட்டியதுதான் அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம். எந்த மக்களின் கையிலிருந்து மேளம் பிடுங்கப்பட்டதோ, அவர்களின் பிள்ளைகள் நடுவே படாக்ரிப் பக்கத்துப் பையன் ஒருவர் மேளத்தோடு வந்து உட்கார்ந்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

அவரோட முதல் ஆல்பத்தை எல்லாரும் சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘ட்ரம்ஸ் ஆஃப் பேஷன்’ 1960-இல் வந்தது. மேளமும் மணியும் குரலும்தான், கிட்டாரோ பியானோவோ கிடையாது. தலைவர் பாட, குழு ஏற்றுப் பாடும் யொரூபாப் பாட்டுகள். ரயில்காரர் ஒருவரை அழைக்கும் பாட்டு உண்டு, புத்தாண்டு வாழ்த்து உண்டு, இடி தெய்வமான ஷாங்கோவுக்கு ஒரு துதியும் உண்டு. நவீன ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகி அமெரிக்க வீடுகளுக்குள் பரவலாகப் போய்ச் சேர்ந்த ஆப்பிரிக்க இசைத் தட்டு என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2004-இல் இதைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

வந்த வருஷத்தையும் கவனியுங்கள். 1960-இல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன, அதில் நைஜீரியாவும் ஒன்று.

ஆப்பிரிக்க இசைன்னா ஒரே மாதிரிதானே இருக்கும்?

‘ஆசிய இசை’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு என்ன தோன்றும்? ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். நைஜீரியாவில் மட்டும் 500-க்கு மேற்பட்ட மொழிகள். யொரூபா பேசுகிறவர்களே 4 கோடிக்கும் அதிகம். மேளமே முன்னால் நிற்காத இசை மரபுகளும் அந்தக் கண்டத்தில் ஏராளம். ஜிம்பாப்வேயில் உலோக நாக்குகளைப் பெருவிரலால் மீட்டும் ம்பிரா, மாலியில் 21 நரம்புள்ள கோரா, எத்தியோப்பியாவில் ஒற்றை நரம்பு மசின்கோ. ஆகவே வகுப்பில் ‘ஆப்பிரிக்கத் தாளம்’ என்று சொல்லி நிறுத்த மாட்டேன். இது யொரூபா, இது மாண்டிங்கா என்று ஊரும் மொழியும் சேர்த்தே சொல்வேன். இந்தப் பிடிவாதம் கடைசிக் கேள்வி வரைக்கும் வரும்.

அவர் வாசிச்சது ஜெம்பேதானே?

ஜெம்பேயும் வாசித்தார். ஆனால் அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் மேளம் அஷிகோ. மேலே அகன்று கீழே குறுகிக்கொண்டே போகும் கூம்பு வடிவம். ஜெம்பே மாலி, கினி பக்கத்து மாண்டிங்கா மக்களுடையது, கிண்ணத்துக்கு அடியில் குழாய் வைத்தது போல் இருக்கும். இரண்டுக்கும் ஆட்டுத்தோலைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள், இரண்டையும் வெறுங்கையால் வாசிக்கலாம். பலர் வட்டமாக உட்கார்ந்து கொட்டும் நம் ஊர் ‘ட்ரம் சர்க்கிள்’களில் எல்லாவற்றையும் ஜெம்பே என்றே சொல்லிவிடுகிறார்கள். நாதஸ்வரத்தையும் ஷெனாயையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் நாம் சும்மா இருப்போமா?

கூடவே வருபவை: இரட்டை இரும்பு மணியான அகோகோ, சுரைக்குடுக்கைமேல் மணிவலை போர்த்திய ஷேகரே. குறைத்து எடைபோட வேண்டாம். கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த மணிதான். ஏன் என்பது இன்னும் நான்கு கேள்விகள் தள்ளி.

பிள்ளைக்கு என்ன மேளம் வாங்கித் தரட்டும்?

முதல் மூன்று மாதம் எதுவும் வேண்டாம். காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டால் போதும். நடுவில் ஒரு ஒலி, விளிம்பில் ஒரு ஒலி வரும். கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மேளம் பேசும்னு சொல்றாங்களே, அது சும்மா ஒரு பேச்சுக்கா, நிஜமாவா?

நிஜம்தான். யொரூபா, குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. உயர்ந்தது, நடு, தாழ்ந்தது என்று மூன்று நிலை. ‘இக்பா’ என்பதை ஒரு விதமாக உச்சரித்தால் காலம், இன்னொரு விதத்தில் சுரைக்குடுக்கை, இன்னொன்றில் இருநூறு. துந்துன் என்ற மேளம் நம் உடுக்கை போல் இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கி வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வளைந்த குச்சியால் தட்டிக்கொண்டே பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள்.

எழுத்தொலி இல்லாமல் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டால் குழப்பம் வராதா என்று பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அதனால்தான் மேளக்காரர்கள் ஒற்றைச் சொல்லை வாசிப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த நீண்ட தொடர்கள், பழமொழிகள், ‘ஒரிகி’ எனப்படும் குலப்பெருமைப் பாக்கள் ஆகியவற்றை வாசிக்கிறார்கள். தொடரின் நீளமே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, மொழி தெரியாமல் இதைக் கேட்கிற நாம் பாதிதான் கேட்கிறோம்.

அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? நோட்டேஷன் ஏதாவது உண்டா?

ஆறு சொற்கள்: குன், துன், கோ, தோ, ப, த. நடுத்தோலில் உள்ளங்கை பதித்து எழுப்பும் அடி ஒலி குன், துன். விளிம்பில் விரல்கள் பட்டு எழும் திறந்த ஒலி கோ, தோ. விளிம்பில் சுளீரென அறைவது ப, த. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் சொல் வலது கைக்கு, இரண்டாவது இடது கைக்கு.

நமக்கு இது அந்நியமாகவே இருக்காது. அடிகளை வாயால் சொல்லும் சொல்கட்டைச் சொல்லிவிட்டு வாசிப்பதுதானே நம் குருமார்களின் வழியும். வேறுபாடு ஒன்று உண்டு. மிருதங்கத்தில் ஒரே சொல் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக விழும், எது எங்கே என்று பிடிபட வருஷங்கள் ஆகும். அவருடைய ஆறு சொற்களிலோ எந்த ஒலி என்பதோடு எந்தக் கை என்பதும் அடங்கிவிடும். மேளத்தையே தொடாத ஒருவர் பத்து நிமிஷத்தில் நூறு பேரோடு சேர்ந்து வாசிக்கலாம். ‘சொல்ல முடிந்தால் வாசிக்க முடியும்’ என்பதே அதன் அடிப்படை. பள்ளிக்கூடங்களிலும் பெரிய பயிலரங்குகளிலும் பல்லாண்டு சொல்லிக்கொடுத்தவர், மேளம் கற்பிக்கும் முறையை ஆசிரியராக இருந்து யோசித்திருக்கிறார் என்பது இதில் தெரிகிறது.

எனக்கு மிருதங்கம் தெரியும். ஆனா இந்த இசையில ‘ஒண்ணு’ எங்க இருக்குன்னே தெரியல. ஏன்?

எனக்கும் முதல் இரண்டு வருஷம் இதே தவிப்புதான். நம் கச்சேரியில் தாளம் கண்ணுக்குத் தெரியும். பாடுகிறவர் தொடையில் போடுகிறார், சபையில் பாதிப் பேர் கூடவே போடுகிறார்கள். கோர்வை என்ற தாளக்கணக்கு எங்கே சுற்றினாலும், தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து விழும்போது எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டுகிறோம். மேற்கு ஆப்பிரிக்கக் குழுவில் யாரும் தொடையில் தாளம் போடுவதில்லை. மணிதான் தாளம், அதை ஆடுகிறவரின் காலடியோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். 12 துடிப்புகளை ஒரு வட்டமாக எண்ணுங்கள். 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய ஏழு இடங்களில் மட்டும் ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பல ஊர்களில் மணியில் ஒலிக்கும் தாளக்கட்டு இது. தட்டிக்கொண்டே 1, 4, 7, 10-இல் காலை வையுங்கள். நம் கணக்கில் இது திஸ்ர நடையில், அதாவது அட்சரத்துக்கு மூன்று துடிப்பாக, நான்கு அட்சரம். மணியும் காலும் 1, 10 என்ற இரண்டே இடத்தில்தான் சந்திக்கும், மற்ற இடங்களில் ஒன்றையொன்று தவிர்த்துக்கொண்டு ஓடும். இப்போது காலை 1, 5, 9-க்கு மாற்றுங்கள். மணி மாறவே இல்லை, ஆனால் பாட்டே வேறு ஆகிவிட்டது போல் கேட்கும். இரண்டு விதமாகவும் ஒரே நேரத்தில் கேட்கப் பழகுவதுதான் இங்கே பயிற்சி. ‘ஒண்ணு எங்கே’ என்று தேடுவதை விட்ட நாளில்தான் எனக்குக் காது திறந்தது.

இன்னொரு தலைகீழும் உண்டு. யொரூபா மேளக்குழுவில் மற்ற மேளங்கள் தங்கள் தாளக்கட்டை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பேசுவதும் மாற்றுவதும் ‘இயா இலு’, அதாவது தாய் மேளம். ஒரே தாளக்கட்டை இருபது நிமிஷம் வாசித்தால் சலிக்காதா என்று கேட்கிறார்கள். உங்கள் கட்டு பக்கத்தில் இருப்பவரின் கட்டோடு கோத்துக்கொண்டு, இருவருமே வாசிக்காத ஒரு மூன்றாவது மெட்டு நடுவில் எழும். அது காதில் விழுந்துவிட்டால் நிறுத்த மனம் வராது.

ஹார்லெம்ல ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாராமே, அது என்ன ஆச்சு?

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த ஹார்லெமில், 125-ஆவது தெருவில், 1960-களில் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். மேளம், நடனம், மொழி, வரலாறு எல்லாம் கற்றுக்கொடுத்த இடம். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் அந்த முயற்சிக்குப் பக்கபலமாக இருந்தார். அதற்கு முன்பே, 1962-இல், ‘துஞ்சி’ என்று ஒலாதுஞ்சியின் பெயரில் ஓர் இசையையும் பதிவு செய்திருந்தார். 1967 ஏப்ரல் 23 அன்று அந்த மையத்தில் கோல்ட்ரேன் வாசித்தார். நோய் முற்றியிருந்த காலம். ஜூலை 17 அன்று இறந்துபோனார். மையத்தில் நடந்த அந்த வாசிப்புதான் அவருடைய கடைசி நேரடிக் கச்சேரிப் பதிவாக 2001-இல் வெளிவந்தது.

பணநெருக்கடி தீராமல் மையம் 1980-களில் மூடப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டும் கட்டணத்தில் கலை கற்றுக்கொடுக்கும் இடங்கள் எங்குமே இப்படித்தான் மூச்சுத் திணறுகின்றன. அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை, ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்தினார்.

நம்ம விக்கு விநாயக்ராம் அவரோட வாசிச்சிருக்காராமே?

ஆமாம், இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அமெரிக்க மேளக் கலைஞர் மிக்கி ஹார்ட் சிறுவனாகப் பள்ளியில் ஒலாதுஞ்சியின் நிகழ்ச்சியைப் பார்த்து வியந்தவர். வளர்ந்தபின் அவரே உலகத் தாளக் கலைஞர்களைக் கூட்டி 1991-இல் ‘பிளானட் ட்ரம்’ என்ற ஆல்பத்தை உருவாக்கினார். அதில் ஒலாதுஞ்சி, பேசும் மேளத்துக்கு நைஜீரியாவின் சிகிரு அதெபோஜு, தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு நம் தேட்டகுடி ஹரிஹர விநாயக்ராம். சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது இந்த ஆல்பத்துக்குத்தான்.

மண்பானையும் மரமேளமும் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு ஆறு சொல், சொல்கட்டு பற்றி மேலே எழுதியதைப் பாருங்கள். இருவருமே வாயால் தாளம் சொல்லி வளர்ந்த உலகத்திலிருந்து வந்தவர்கள்.

கேட்டா நம்ம பறை மாதிரியே இருக்கு. இங்கேயிருந்து போனதா, அங்கேயிருந்து வந்ததா?

இரண்டுக்கும் சான்று கிடையாது. தோலையும் கட்டையையும் சேர்த்துக் கொட்டுவதை மனிதர்கள் பல இடங்களில் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள். பறை வட்டச் சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டியது, இரண்டு குச்சிகளால் அடிப்பது. அமைப்பில் அஷிகோவோடு அதற்கு உறவு இல்லை.

உறவு வேறோர் இடத்தில் தெரிகிறது. ஊருக்குச் சேதி சொன்ன கருவி, சாவுக்கும் திருவிழாவுக்கும் வேண்டியிருந்த கருவி. வாசிப்பவர்களை இழிவாகப் பார்த்த சமூகம், பின்னால் அதே கருவி மானத்தின் அடையாளமாக எழுந்தது. ஹார்லெம் இளைஞர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டதன் அர்த்தம், இங்கே பறையைக் கையில் எடுத்த இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்காமலே புரியும்.

ஷாங்கோ சாமி பாட்டெல்லாம் எங்க பிள்ளைங்க பாடணுமா?

கட்டாயம் இல்லை. வழிபாட்டுப் பாட்டு என்றால் முதலிலேயே அப்படிச் சொல்லிவிடுவேன். விருப்பம் இல்லாதவர்கள் அந்த நேரம் மணி வாசிக்கலாம். ஒலாதுஞ்சியே எல்லாப் பக்கமும் கதவு வைத்தவர்தான். இயேசு பிறப்பைப் பாடும் ‘பெத்தலெகேமு’ என்ற யொரூபாப் பாட்டை அவர் மூலமாகக் கற்ற மோர்ஹவுஸ் கல்லூரிப் பாடகர் குழு, இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் அதைப் பாடுகிறது. ஆனால் ஷாங்கோ பாட்டில் ஷாங்கோவின் பெயரை எடுத்துவிட்டு வெறும் மெட்டாகப் பாடலாமா என்று கேட்டால், மாட்டேன் என்பதுதான் என் பதில்.

அவர் வாசிச்சது சுத்தமான ஆப்பிரிக்க இசையே இல்லன்னு சில பேர் சொல்றாங்களே?

அப்படிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. ‘ட்ரம்ஸ் ஆஃப் பேஷன்’ குழுவில் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் கரீபியப் பின்னணி உள்ளவர்களும்தான். அஷிகோவும் ஜெம்பேயும் யொரூபாப் பாட்டும் ஒரே மேடையில் சேர்வது நைஜீரியக் கிராமத்தில் நடப்பதல்ல. தாய் மேளத்தின் பேச்சை முழுமையாக ரசிக்க வேண்டுமென்றால் லாகோஸ், இபதான் பக்கத்துத் துந்துன் குழுக்களின் பதிவுகளைத் தேடிக் கேட்கத்தான் வேண்டும், நானும் வகுப்பில் அவற்றைப் போடுகிறேன்.

ஆனால் அவர் யாருக்காக வாசித்தார் என்பதையும் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன மேளத்தடைச் சட்டத்துக்குப் பின் இருநூறு வருஷம் கழித்து, மொழியும் ஊரும் இழந்தவர்களைக் கூட உட்காரவைத்து யொரூபாவில் பாடவைத்தார். அந்தப் பாடகர்களில் பலருக்கு அவர்களுடைய முன்னோர் எந்த ஊர் என்றே தெரியாது. அவர்களுக்கு ‘சுத்தமானது’ எங்கே இருக்கிறது? என் கணிப்பில், அவர் உருவாக்கியது அமெரிக்க மண்ணில் பிறந்த ஒரு புதுக் குழந்தை, தாய்மொழி பேசும் குழந்தை.

நீங்க ஆப்பிரிக்கரும் இல்ல, அவர்கிட்ட நேரா கத்துக்கவும் இல்ல. நீங்க இதைச் சொல்லிக்கொடுத்து காசு வாங்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை, பல வாரம் யோசித்தேன். முதலில் ஒரு பழைய சம்பவம். 1964-இல் பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர் ஒரு தட்டு வெளியிட்டார். ‘ட்ரம்ஸ் ஆஃப் பேஷ’னில் இருந்த மூன்று பாட்டுகளை எடுத்துப் பிரெஞ்சு வரிகள் போட்டுத் தன் பெயரில் சேர்த்திருந்தார். ஒலாதுஞ்சியின் பெயர் எங்கும் இல்லை, உரிமை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1969-இல் சந்தானா குழு அந்த மூன்றில் ஒரு பாட்டை ராக் இசையாக வாசித்தபோதும், அந்த மெட்டு உலகமெங்கும் பரவிய அளவுக்கு ஒலாதுஞ்சியின் பெயர் பரவவில்லை. பெயர் இல்லாமல் கைமாறும் இசையில் யாருக்கு இழப்பு என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆகவே எனக்கு நானே சில கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எந்தத் தாளக்கட்டை வாசித்தாலும் அது எந்த மக்களுடையது, எந்த நேரத்துக்கு உரியது என்று முதலில் சொல்வேன். பாட்டை யொரூபாவிலேயே, பொருள் எழுதிப் போட்டுப் பாடவைப்பேன், தமிழ் வரி போட்டு மாற்ற மாட்டேன். ‘குரு’ என்று யாரும் என்னை அழைக்க விடுவதில்லை. கட்டணம் வாங்குகிறேன், அதில் ஒரு பங்கை எடுத்துவைத்து, சென்னையில் படிக்கும் நைஜீரிய மாணவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்களை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து வகுப்பெடுக்கச் சொல்கிறேன். சென்ற முறை வந்த பையன், எங்கள் பிள்ளைகளின் யொரூபா உச்சரிப்பைக் கேட்டுவிட்டு மேளத்தை ஓரமாக வைத்தான். அன்று முழுக்க ‘இக்பா’வை மூன்று விதமாகச் சொல்லவைத்தான். அடுத்த வகுப்பையும் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம்.